கத்தரித் தோட்டத்தில் தானே ஓடும் வண்டி... கடன் வாங்கும் முன் செய்ய வேண்டியவை!

கருவிப் பெட்டி – வாசகர் கேள்விகளும் பதில்களும்

“வேலூர் பாகாயத்தில் வசிக்கிறோம். அணைக்கட்டு பக்கம் ஒன்றரை ஏக்கரில் இலவம்பாடி முள்ளு கத்தரி போட்டிருக்கிறோம். ஷூ கம்பெனி பஸ் ஊருக்குள்ளேயே வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவதால், பறிப்புக்கு நாலு பேர் கிடைப்பதே சிரமம். வருகிறவர்களும் வயதானவர்கள். கூடையைச் சுமந்து ரோட்டோரம் வரை நடக்க அவர்களால் முடியவில்லை. இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகள், ‘ஆள் இல்லாமல் தானே ஓடுகிற சுமை வண்டியை நாமே செய்யலாம்; அதற்கான மென்பொருள் இலவசம்’ என்கிறாள். உதிரி பாகங்கள் வாங்க நகையை அடகு வைக்கலாம் என்கிறாள். இறங்கலாமா? அந்த மென்பொருளை அமைப்பது எப்படி?”
– வாசகர், பாகாயம், வேலூர்.

தாராளமாக இறங்கலாம். ஆனால், நகை அடகுக் கடைக்குப் போவது கடைசிப் படியாக இருக்கட்டும். அதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலைகளில் பாதிக்கு மேல், கையில் இருக்கும் லேப்டாப்பிலும் அளவுநாடாவிலுமே முடிந்துவிடும். அந்தப் படிகளைத் தாண்டிய பிறகும் வண்டி தேவை என்று தோன்றினால், செலவு செய்வதில் தவறில்லை.

மகள் சொல்வது உண்மைதான். இந்த மென்பொருளுக்குக் காசு கிடையாது. ‘ராஸ்’ என்று அழைக்கப்படும் ரோபோ இயக்க மென்பொருள், அமெரிக்காவில் வில்லோ கராஜ் என்ற ஆய்வுக்கூடத்தில் 2007-ம் ஆண்டு வாக்கில் உருவாகத் தொடங்கியது. அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். இன்று ஓடுவது அதன் இரண்டாம் தலைமுறையான ‘ராஸ் 2’. கிடங்குகளிலும் மருத்துவமனைகளிலும் சாமான் சுமந்து ஓடும் பல வண்டிகளுக்குள் இதுதான் இருக்கிறது. ஆனால், அங்கெல்லாம் தரை சிமென்ட். சுவர்கள் நேராக நிற்கின்றன. உங்கள் தோட்டத்தில் வரப்பு உண்டு, வாய்க்கால் உண்டு, மழை பெய்தால் சேறும் உண்டு. மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது ஒரு நாள் வேலை. அதற்கு உங்கள் நிலத்தைச் சொல்லிக்கொடுக்க ஒரு போகம் பிடிக்கும். அந்த இரண்டாவது வேலைக்கு மகளின் படிப்பு மட்டும் போதாது. உங்கள் அனுபவமும் வேண்டும்.

வண்டிக்கு இரண்டு மூளை

தானே ஓடும் வண்டியில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருக்கும். ஒன்று, மோட்டாரை நேரடியாக ஆட்டுவிக்கும் சின்ன கன்ட்ரோலர் போர்டு. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை ‘என்கோடர்’ என்ற உணர்கருவி மூலம் எண்ணி, வேகத்தைக் கட்டுப்படுத்துவது இதன் வேலை. இன்னொன்று, ராஸ்பெர்ரி பை போன்ற கையடக்கக் கம்ப்யூட்டர். எங்கே நிற்கிறோம், எங்கே போக வேண்டும், நடுவில் என்ன மறிக்கிறது என்று யோசிப்பது இது. உழவுக்கு உவமை சொன்னால், முதலாவது மாடு. இரண்டாவது ஏர் பிடிப்பவர்.

இந்த இரண்டையும் இணைக்கும் நிரலை முதல் வரியிலிருந்து எழுத வேண்டியதில்லை. ‘லினோரோபாட் 2’ என்ற திறந்த மூலத் தொகுப்பில் இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கான அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. சக்கரத்தின் விட்டம், இரு பக்கச் சக்கரங்களுக்கு இடையிலான தூரம், என்கோடர் ஒரு சுற்றுக்கு எத்தனை முறை எண்ணும் என்பது போன்ற சில எண்களை உங்கள் வண்டிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டால் போதும்.

முதல் படி: பதிப்புகளைப் பொருத்துங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிக நாள்களை இழப்பது இந்த இடத்தில்தான். ராஸ் 2-ன் ஒவ்வொரு பதிப்பும், உபுண்டு இயங்குதளத்தின் ஒரு குறிப்பிட்ட பதிப்போடு ஜோடி சேர்ந்தது. ‘ஹம்பிள்’ பதிப்புக்கு உபுண்டு 22.04. இதற்கான பராமரிப்பு 2027 மே மாதம் வரை. ‘ஜாஸி’ பதிப்புக்கு உபுண்டு 24.04. இதற்கு 2029 மே வரை பராமரிப்பு உண்டு. இன்று புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஜாஸிதான் பொருத்தம். ராஸ்பெர்ரி பை 5 வாங்குவதாக இருந்தால் உபுண்டு 24.04-ஐத்தான் ஏற்ற வேண்டும், 22.04 அந்த போர்டுக்கு வரவில்லை.

இணையத்தில் கிடைக்கும் பழைய வீடியோக்களில் பெரும்பகுதி, முதல் தலைமுறை ராஸுக்கானவை. அதன் கடைசிப் பதிப்பான ‘நோயெடிக்’குக்கு 2025 மே மாதத்தோடு பராமரிப்பு நின்றுவிட்டது. ஒரு வீடியோவில் ‘ராஸ்கோர்’, ‘கேட்கின்’ என்ற சொற்கள் வந்தால் அது பழையது, அதை மூடிவிடலாம். ராஸ் 2-ல் தொகுக்கும் கருவியின் பெயர் ‘கோல்கான்’. இந்த ஒரு அடையாளம் தெரிந்தால் பல இரவுகள் மிச்சமாகும்.

லேப்டாப்பில் படம் காட்டும் வசதிகளோடு கூடிய முழுத் தொகுப்பையும், வண்டியில் இருக்கும் பை கம்ப்யூட்டரில் அடிப்படைத் தொகுப்பை மட்டும் ஏற்றினால் போதும். இரண்டிலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்து, ‘டொமைன் ஐடி’ என்ற எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் ஒன்றை ஒன்று பார்க்கும். கல்லூரி லேபில் நான்கைந்து குழுக்கள் ஒரே வைஃபையில் வேலை செய்தால், ஒவ்வொரு குழுவும் வேறு எண் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒரு குழு கொடுக்கும் கட்டளைக்கு இன்னொரு குழுவின் வண்டி கிளம்பிவிடும்.

நினைவகம் குறைந்த பை போர்டில் எல்லா நிரல்களையும் ஒரே நேரத்தில் தொகுக்கச் சொன்னால், பாதியில் உறைந்து நின்றுவிடும். ஒவ்வொன்றாகத் தொகுக்கச் சொல்வது நல்லது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் மெமரி கார்டு முழுவதையும் லேப்டாப்பில் நகல் எடுத்து வைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி ஒயரைப் பிடுங்கினால் கார்டு கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. நகல் இருந்தால் அரை மணி நேரத்தில் மீண்டுவிடலாம். இல்லாவிட்டால் ஒரு வாரம் வீண்.

இரண்டாம் படி: காசில்லாமல் ஒரு தோட்டம்

‘கெஸீபோ’ என்ற மென்பொருளில் தரை, சுவர், மரம், சரிவு எல்லாவற்றையும் லேப்டாப்புக்குள் உருவாக்கி, அதில் வண்டியை ஓட்டிப் பார்க்கலாம். ஜாஸிக்குப் பொருத்தமான கெஸீபோ பதிப்பின் பெயர் ‘ஹார்மோனிக்’. இதுவும் இலவசம். வண்டிக்கான ஒரு நட்டு, போல்ட்டுகூட வாங்காத நிலையிலேயே இதைச் செய்யலாம்.

மகளிடம் ஒரு வேலை கொடுங்கள். உங்கள் தோட்டத்தை அப்படியே கெஸீபோவில் வரையச் சொல்லுங்கள். வரிசைக்கு வரிசை எத்தனை அடி, வாய்க்கால் எங்கே குறுக்கிடுகிறது, கிணறு எங்கே, பம்ப் செட் அறை எங்கே, வண்டி வந்து சேர வேண்டிய ரோட்டோரம் எங்கே என்பதெல்லாம் அதில் வர வேண்டும். இதற்காக அவர் அளவுநாடாவோடு தோட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும். அப்போதுதான் உண்மையான சிக்கல் தெரியவரும்.

கத்தரிக்கு வரிசை இடைவெளி பொதுவாக இரண்டு, இரண்டரை அடி. செடி நன்றாகக் கிளை பரப்பிய பிறகு நடுவில் ஒரு அடிகூட மிஞ்சாது. ஆள் பக்கவாட்டில் ஒடுங்கிப் போய்விடுவார், வண்டி போகாது. வண்டிக்கு வழிகாட்டும் ‘நேவ் 2’ என்ற தொகுப்பு, தடையைச் சுற்றி ஒரு பாதுகாப்பு ஓரத்தைத் தானாகச் சேர்த்துக்கொள்ளும். தொடக்க அமைப்பில் இது அரை மீட்டருக்கும் மேல். அந்த எண்ணை மாற்றாமல் விட்டால், வரிசைக்குள் நுழையத் தயங்கிச் சுற்றுவழி தேடும். எண்ணைக் குறைத்தாலும் சிக்கல் தீராது. நீட்டிக்கொண்டிருக்கும் இலையும் அதற்குச் சுவர்தான்.

இதற்குத் தீர்வு மென்பொருளில் இல்லை, நடவில் இருக்கிறது. அடுத்த நடவின்போது பத்து, பன்னிரண்டு வரிசைக்கு ஒரு முறை நான்கு அடி அகலத்தில் வண்டிப் பாதை விட்டு நடவு செய்யுங்கள். பறிப்பவர்கள் கூடையை அந்தப் பாதை வரை கொண்டுவந்து வைத்தால் போதும். அங்கிருந்து ரோட்டோரம் வரை வண்டி சுமக்கும். பாதையைக் குறுக்கே கடக்கும் சொட்டுநீர்க் குழாய்களை மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டும். வாய்க்கால் குறுக்கிடும் இடத்தில் கனமான பலகையோ, கல்லோ போட வேண்டும். பாதைக்காகச் சில வரிசைகளை இழக்க நேரிடும். அதனால் குறையும் மகசூலும், மிச்சமாகும் கூலியும் சரிக்குச் சரி வருமா என்பதை நடவுக்கு முன்பே கணக்குப் போடுங்கள். விரிஞ்சிபுரத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தில் இந்த இடைவெளித் திட்டத்தைக் காட்டி ஆலோசனை கேட்கலாம். இலவம்பாடி முள்ளு கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதால், அந்த ரகத்தின் தரம் கெடாமல் நடவு முறையை மாற்றுவது முக்கியம்.

மூன்றாம் படி: அளவுநாடா சோதனை

கெஸீபோவில் ஒழுங்காக ஓடிய பிறகு, சின்ன அளவில் ஒரு மாதிரி வண்டி செய்யலாம். சுமை தூக்கும் பெரிய மோட்டார் இப்போது வேண்டாம். கல்லூரியில் ஐ.ஐ.டி. பாம்பே நடத்தும் ‘இ-யந்த்ரா’ திட்டத்தின் ஆய்வகம் இருக்கிறதா என்று மகளை விசாரிக்கச் சொல்லுங்கள். பொறியியல் கல்லூரிகளில் ரோபோ ஆய்வகம் அமைக்க உதவும் திட்டம் இது. இதன் சார்பில் ஆண்டுதோறும் நடக்கும் போட்டியில் விவசாயம் சார்ந்த தலைப்புகளும், ராஸ் மென்பொருளும் இடம்பெற்றிருக்கின்றன. அங்கே பழகுவதற்குச் செலவில்லை.

மாதிரி வண்டி தயாரானதும் சமதளத்தில் இரண்டு சோதனைகள்.

ஒன்று: தரையில் அளவுநாடாவை விரித்து, மென்பொருள் கணக்குப்படி 10 மீட்டர் நேராக ஓடச் சொல்லுங்கள். உண்மையில் 9.6 மீட்டர்தான் போயிருக்கிறது என்றால், நாம் கொடுத்த சக்கர விட்டம் உண்மையைவிட அதிகம். அந்த எண்ணை 0.96-ஆல் பெருக்கித் திருத்துங்கள்.

இரண்டு: நின்ற இடத்திலேயே 10 முழுச் சுற்று சுற்றச் சொல்லுங்கள். 9 சுற்றுதான் சுற்றியது என்றால், இரு பக்கச் சக்கரங்களுக்கு இடையே நாம் கொடுத்த தூரம் குறைவு. அதை 10-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு இதே சோதனைகளைத் தோட்டத்து மண்ணில் செய்ய வேண்டும். காய்ந்த மண்ணில் ஒரு விடையும், தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் இன்னொரு விடையும் வரும். சக்கரம் சுழல்கிறது, வண்டி நகரவில்லை என்பது என்கோடருக்குத் தெரியாது. அதனால்தான் சக்கரக் கணக்கை மட்டும் நம்பாமல், திரும்பும் கோணத்தை உணரும் கருவியையும் ஜி.பி.எஸ்-ஸையும் சேர்த்துக் கணக்கிடும் தொகுப்பு ராஸ் 2-ல் இருக்கிறது. எந்த மண்ணில் எவ்வளவு வழுக்கும் என்பதை மகளுக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

நிலத்தை அளப்பதில் அவசரம் கூடாது என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. இந்தியாவையே அளந்த பெரும் முக்கோண அளவைக்கு, 1802-ல் சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் தொடக்கம் போட்டார். ஏழரை மைல் நீள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் வாரக்கணக்கில் அளந்த பிறகே அடுத்த வேலைக்குப் போனார். முதல் கோடு தவறினால் பின்னால் வருவது அத்தனையும் தவறும். பத்து மீட்டர் ஓடும் வண்டிக்கும் அதே விதிதான்.

நான்காம் படி: வண்டிக்குக் கண் எது?

கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான ரோபோ தொகுப்புகளில் ‘லைடார்’ என்ற சுழலும் லேசர் கருவி இருக்கும். சுற்றியிருக்கும் சுவர்களின் தூரத்தை அளந்து வரைபடம் போடும். கோழிப் பண்ணை, சேமிப்புக் கிடங்கு, காளான் கொட்டகை போன்ற இடங்களுக்கு இது அருமையானது. திறந்த கத்தரித் தோட்டத்தில் இதை மட்டும் நம்பி ஓட்ட முடியாது. இன்று பார்த்த செடி, அடுத்த வாரம் வளர்ந்திருக்கும், காற்றில் ஆடும், பறித்த பிறகு உருமாறும். போட்ட வரைபடம் சில நாளில் பழசாகிவிடும். லைடாரைத் தோட்டத்தில் தடை பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்தலாம்.

இடம் அறிவதற்கு ஜி.பி.எஸ் வேண்டும். செல்போனில் இருப்பது போன்ற சாதாரண ஜி.பி.எஸ், சில மீட்டர் வரை தவறிச் சொல்லும். நான்கு அடிப் பாதைக்கு அது உதவாது. ‘ஆர்.டி.கே’ முறையில் இயங்கும் கருவி, சில சென்டிமீட்டர் துல்லியத்தில் இடம் சொல்லும். இதற்கு நிலையான ஓரிடத்திலிருந்து திருத்தத் தகவல் வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த நிலையத்தை நீங்களே பம்ப் செட் அறை மாடியில் அமைக்கலாம். அல்லது, சர்வே ஆஃப் இந்தியா நாடெங்கும் அமைத்திருக்கும் ‘கார்ஸ்’ நிலையங்களின் தகவலைப் பதிவு செய்துகொண்டு இணையம் வழியாகப் பெறலாம்.

வேலூர் பகுதியில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மலையடிவாரத்தை ஒட்டிய நிலமாக இருந்தால், ஒரு பக்க வானம் மறைந்துவிடும். செயற்கைக்கோள்கள் குறைவாகத் தெரியும். மா, தென்னை நிழலிலும் இதே கதைதான். எனவே, கருவி வாங்கும் முன்பு யாரிடமாவது ஒரு நாள் இரவல் வாங்கி, நிலத்தின் நான்கு மூலையிலும் வைத்து, துல்லியம் நிலைத்து நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அங்கே நிற்கவில்லை என்றால், எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

ஒரே பாதையில் போய்த் திரும்புவது மட்டும்தான் வேலை என்றால், ராஸ் 2-ஐவிட எளிதான இன்னொரு வழியும் இருக்கிறது. ‘ஆர்டுபைலட் ரோவர்’ என்ற திறந்த மூல மென்பொருள் அது. பிக்ஸ்ஹாக் வகை போர்டில் ஓடும். ‘மிஷன் பிளானர்’ திரையில் வரைபடத்தின் மேல் புள்ளிகள் வைத்தால், அந்தப் புள்ளிகள் வழியாக வண்டி போகும். தடைகளைப் பார்த்து யோசித்து வழி மாற்றுவதில் ராஸ் 2 வலுவானது. எளிமையில் ஆர்டுபைலட் முந்தும். உங்கள் தேவைக்கு ஆர்டுபைலட்டிலேயே தொடங்குவது நல்லது.

ஐந்தாம் படி: கிணறும் குழந்தையும்

நம் பக்கத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத திறந்தவெளிக் கிணறுகள் நிறைய. தரைக்கு இணையாகச் சுழலும் லைடாருக்குக் கிணறு தெரியாது. அதைப் பொறுத்தவரை அங்கே தடை எதுவும் இல்லை, வெறும் வெளி. எனவே, கிணற்றைச் சுற்றி, போகக் கூடாத பகுதி என்று வரைபடத்திலேயே குறிக்க வேண்டும். நேவ் 2, ஆர்டுபைலட் இரண்டிலும் இதற்கு வசதி உண்டு. அதோடு நின்றுவிடாமல், கிணற்றுப் பக்கம் முழங்கால் உயரத்துக்குக் கல்வரிசையும் வைத்துவிடுங்கள். ஜி.பி.எஸ் ஒரு நாள் தவறலாம், கல் தவறாது.

வண்டியின் மேல், யார் கைக்கும் எட்டும்படி பெரிய சிவப்பு நிறுத்தப் பொத்தான் இருக்க வேண்டும். அது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்பி, அது மோட்டாரை நிறுத்துவது என்ற ஏற்பாடு போதாது. கம்ப்யூட்டர் உறைந்துபோகும் நேரத்தில்தான் பொத்தான் தேவைப்படும். கட்டளை அரை நொடி வரவில்லை என்றாலும் கன்ட்ரோலர் போர்டு தானாக மோட்டாரை நிறுத்த வேண்டும். வைஃபை துண்டித்துப் பார்த்து இதை நேரில் சோதியுங்கள். ஆர்டுபைலட்டில், ரிமோட் தொடர்பு அறுந்தால் நின்றுவிடும்படி அமைக்க வேண்டும்.

வேகம் நொடிக்கு அரை மீட்டருக்கு மேல் வேண்டாம். நூறு மீட்டரைக் கடக்க மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். கூடை சுமக்க அது போதும். எதிரே குழந்தை வந்தால் விலகவும் நேரம் இருக்கும். மோட்டாருக்கும் கம்ப்யூட்டருக்கும் தனித்தனி மின்வழி கொடுப்பதும் அவசியம். சுமையோடு மோட்டார் கிளம்பும்போது மின்னழுத்தம் சரிந்து, கம்ப்யூட்டர் அணைந்து எழும். பலர் இதை மென்பொருள் கோளாறு என்று நினைத்து நாள்கணக்கில் தேடுவார்கள்.

கடன் எப்போது?

முதல் இரண்டு படிகளுக்குச் செலவு இல்லை. மூன்றாம் படிக்குச் சிறு தொகை. நான்காம் படியில் இரவல் கருவியோடு சோதனை. இந்த நான்கும் தேறி, அடுத்த நடவில் வண்டிப் பாதையும் விட்ட பிறகே பெரிய மோட்டார், பேட்டரி, ஆர்.டி.கே கருவி வாங்க வேண்டும். நடுவில் ஏதாவது ஒரு படி தேறாவிட்டால், அந்த நான்கடிப் பாதை வீணாகாது. அதில் ஒரு தள்ளுவண்டி ஓடினாலே தலைச்சுமை பாதி குறையும். தானே ஓடும் வண்டி வந்தாலும் வராவிட்டாலும், வயதானவர்கள் கூடை சுமக்கும் சிரமம் தீர்ந்தால் சரிதானே!

*

“பாலாற்றுக் கரையில் எங்கள் நிலம் உப்புப் பூத்துக் கிடக்கிறது. தானியங்கி வண்டியை விட்டு நிலம் முழுக்க மண்ணின் உப்பையும், தோல் கழிவையும் அளக்க முடியுமா?”
– வாசகர், ஆம்பூர்.

உப்பை அளக்க வண்டி உதவும். தோல் கழிவை அதனால் மட்டும் கண்டுபிடிக்க முடியாது. தோல் பதனிடுவதில் சாதாரண உப்பும், குரோமிய உப்பும் பயன்படுகின்றன. மண் கரைசலில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை அளந்தால், மொத்த உப்பின் அளவு தெரியும். மண்சாற்றில் இந்த அளவு 4 டெசி சைமன்ஸைத் தாண்டினால் அது உவர் நிலம் என்று கணக்கு. குரோமியம் எவ்வளவு, எந்த வடிவத்தில் இருக்கிறது என்பது இந்தக் கருவியில் தெரியாது. அதற்கு மண், நீர் மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும்.

வண்டியின் உண்மையான பயன் வேறு. இந்த ஆண்டு மண் எடுத்த அதே இடத்துக்கு, அடுத்த ஆண்டும் சில சென்டிமீட்டர் வித்தியாசத்தில் போய் நிற்க அதனால் முடியும். ஆர்டுபைலட் ரோவரில் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு புள்ளி வையுங்கள். வண்டி நிற்கும் இடத்தில் நீங்கள் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் எடுங்கள். புள்ளியின் எண்ணைப் பையில் எழுதுங்கள். ஜிப்சம் போட்டதாலோ, பசுந்தாள் உரம் மடக்கி உழுததாலோ எந்தப் பகுதி தேறியது என்பது மூன்று, நான்கு ஆண்டுகளில் எண்ணிக்கையாகவே தெரிந்துவிடும்.

வேலூர் மாவட்டத் தோல் கழிவு வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. இழப்பு என்று எங்கே முறையிடுவதாக இருந்தாலும், இடம், தேதி, அளவு மூன்றும் உள்ள பதிவேடு கையில் இருப்பது பலம். அப்படியான பதிவுக்கு வண்டி எழுதும் கோப்பை மட்டும் நம்பாமல், ஆய்வக அறிக்கையையும் சேர்த்து வையுங்கள். ஒரு எச்சரிக்கை: உப்பு மண் படிந்தால் ஒயர் இணைப்புகள் சீக்கிரம் அரித்துவிடும். ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, பிறகே நிறுத்த வேண்டும்.

*

“இலவசம் என்கிறார்கள். நாளைக்கு அந்த கம்பெனி மூடிவிட்டால் வண்டி நின்றுபோகுமே... யாரிடம் போய்க் கேட்பது?”
– வாசகர், குடியாத்தம்.

நியாயமான பயம். ஆனால், இந்த விஷயத்தில் நடந்தது வேறு. ராஸ் மென்பொருள் பிறந்து வளர்ந்த வில்லோ கராஜ் 2014-ம் ஆண்டுத் தொடக்கத்தில் மூடப்பட்டது. மென்பொருள் நிற்கவில்லை. அதற்கு முன்பே 2012-ல் ஏற்படுத்தப்பட்ட திறந்த மூல ரோபோ அறக்கட்டளை அதைத் தொடர்ந்து பராமரித்தது. மூல நிரல் உலகம் முழுக்கப் பலர் கையில் இருந்ததுதான் காரணம். விதையை ஒரே குதிரில் வைக்காமல் பத்து வீட்டில் பகிர்ந்து வைப்பது போல!

இப்படிப்பட்ட மென்பொருளை எழுதுகிறவர்கள், பயன்படுத்துகிறவர்கள் எல்லோரும் பட்டணத்து இன்ஜினீயர்களும் இல்லை. கனடாவின் மனிடோபா மாகாண விவசாயி மேட் ரைமர், ஆர்டுபைலட் மென்பொருளையும் பிக்ஸ்ஹாக் போர்டையும் தன் டிராக்டரில் பொருத்தி, அறுவடை நேரத்தில் தானிய வண்டியை ஆள் இல்லாமல் இழுக்க வைத்தார். இது 2015-ல் நடந்தது. அதே நாட்டின் ஆல்பர்ட்டா மாகாண விவசாயி பிரையன் டிஷ்லர், டிராக்டரை நேர்கோட்டில் தானாக ஓட்டும் ‘அக்ஓப்பன்ஜிபிஎஸ்’ என்ற மென்பொருளை எழுதி, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். அவர்களுடையது பெரிய பண்ணைகள். நம்முடையது சின்ன வயல்கள். இயந்திரத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. கற்றுக்கொள்ள வேண்டியது, தன் நிலத்தின் தேவையை அறிந்தவரே மென்பொருளையும் தொட்டார் என்பதை.

ஆனால், இலவச மென்பொருளில் கோளாறு வந்தால், போன் போட்டதும் ஓடிவர சர்வீஸ் ஆள் கிடையாது. இதை மறக்கக் கூடாது. வீட்டில் ஒருவருக்காவது முழு அமைப்பும் தெரிந்திருக்க வேண்டும். மகனோ, மகளோ செய்து கொடுத்துவிட்டு வேலைக்காகச் சென்னைக்கோ, பெங்களூருக்கோ போய்விட்டால் வண்டி கொட்டகையில் தூசி படிந்து கிடக்கும். அதனால், எந்தப் பதிப்பு ஏற்றப்பட்டிருக்கிறது, எந்த எண்கள் மாற்றப்பட்டன, எந்த ஒயர் எங்கே போகிறது, நின்றுபோனால் முதலில் எதைப் பார்ப்பது என்பதையெல்லாம் ஒரு நோட்டில் தமிழில் எழுதி, மெமரி கார்டின் நகலோடு வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். எழுதியவர் ஊரில் இல்லாத ஒரு நாளில், அந்த நோட்டைப் பார்த்து நீங்களே வண்டியைக் கிளப்பிப் பாருங்கள். கிளம்பினால் வண்டி உங்களுடையது. கிளம்பவில்லை என்றால், நோட்டில் எந்த வரி குறைகிறது என்று அன்றைக்கே போனில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.